பேர்ண் நகரில் பெண்பிள்ளைக்குப் பெயர் தேடிய கதை

கிளாஸ்கோவில் பிரசவ விடுதியில் மருத்துவச்சியாக வேலை செய்பவளைப் பிள்ளை பிறக்கப்போகும் வீட்டுக்கு அழைப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் என் சின்னம்மாவின் மகன் சிவநேசன் சுவிஸில் பேர்ணிலிருந்து டெலிபோன் எடுத்தபோது, பிரசவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கானில் பெண்பிள்ளை என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் எனக்குக் கெல்டிக் பெண் பெயர்கள் தெரியுமா என்று கேட்டான்.

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஸ்கொட்லாந்து மலைநாட்டுப் பெண்களும் ஐரிஷ் பெண்களும் என் கையில்தான் பிள்ளை பெறுகிறார்கள். வலி வரும்போது புருஷனைத் திட்டுவார்கள், வலி போனதும் பிள்ளைக்குப் பெயர் சொல்லுவார்கள். இரண்டையும் முதலில் கேட்பது நான். தெரியும் என்றேன்.

"அப்ப உடனை வெளிக்கிட்டு வாங்கோ அக்கா. இது கேஸ் விஷயம்" என்றான்.

கேஸ் என்றால் அகதி விண்ணப்பம். அவனும் மனைவி கமலாவும் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அவனோடு வந்த சிலரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே ஊரில் சண்டை, இங்கே தலைக்கு மேலே அந்த முடிவு. இதற்கும் கெல்டிக் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று டெலிபோனில் கேட்டால் காசு ஓடும் என்று நேரில் கேட்கப் புறப்பட்டேன்.

பெயர்களைத் தலையில் கொண்டுபோகலாம், சரக்குத்தூளைப் பையில்தான் கொண்டுபோகவேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்க மிளகு, மல்லி, சீரகம், திப்பிலி, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்து, பெரிய டின் ஒன்றில் அடைத்து வைத்திருந்தேன். பாசல் எல்லையில் சுங்கக்காரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நாட்களில் சுவிஸ்காரருக்குத் தமிழர் என்றால் தோல் ஜக்கெட், தோல் ஜக்கெட் என்றால் போதைத்தூள். என்னிடம் ஜக்கெட் இல்லை. தூள் நிறைய இருந்தது.

ஒருவர் டின்னைத் திறந்து மூக்கை வைத்தார். பிறகு நெடுநேரம் தும்மினார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கான மருந்து என்று விளக்கினேன். எந்தப் பெண் என்றார். இன்னும் பெறவில்லை என்றேன். அது அவருக்குத் திருப்தி தரவில்லை, நாயைக் கூட்டிவந்தார்கள். நாய் ஒருமுறை மோந்துவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்தது. அதன் முடிவை ஏற்றுக்கொண்டு என்னை விட்டார்கள். அதற்குள் என் ரெயில் குறித்த நேரத்துக்குப் போயிருந்தது. ஸ்கொட்லாந்து ரெயிலாக இருந்தால் சோம்பலிலாவது எனக்காக நின்றிருக்கும்.

பேர்ணின் புறநகரான ஓஸ்டர்முண்டிகனில் அவர்கள் இருந்தது மாடி வீடு. சிவநேசன் வாசலிலேயே சட்டங்களைச் சொல்லித் தந்தான். ஞாயிற்றுக்கிழமை கம்பளம் தட்டக்கூடாது. வாயிலில் சப்பாத்து வைக்கக்கூடாது. உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்பு நமது முறை வரும்போதுதான் கையில் கிடைக்கும்; முறை தவறினால் அழுக்கோடு இருக்கவேண்டியதுதான். இந்தச் சட்டங்களை மீறினால் வீட்டுக்காரன் வெளிநாட்டார் பொலிஸுக்குச் சொல்லிவிடுவான், கேஸ் பழுதாகிவிடும் என்று அவன் நம்பினான். அவன் வீட்டுக்குள்ளும் நுனிக்காலில்தான் நடந்தான்.

கமலா நிறைமாதம். வயோதிபர் விடுதி ஒன்றில் நிலம் துடைக்கும் வேலையை அப்போதுதான் நிறுத்தியிருந்தாள். எனக்காகப் புட்டு அவித்து, உருளைக்கிழங்குப் பிரட்டல் செய்திருந்தாள். சுவிஸ் மாவில் அவித்த புட்டு அந்த நாட்டு மனிதரைப்போலவே ஒழுங்காக இருந்தது. தட்டில் போட்டாலும் உதிரவில்லை. பயணக் களைப்பில் அதுவும் ருசித்தது. சாப்பிட்டு முடித்ததும் சிவநேசன் விஷயத்துக்கு வந்தான்.

கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். சனிக்கிழமைகளில் சிவநேசனுக்கு ஜேர்மன் சொல்லிக்கொடுப்பார். ஒரு சனிக்கிழமை பாடம் நடுவே சரித்திரத்துக்குள் போய்விட்டார். இந்த மண்ணில் முதலில் இருந்தது ஜேர்மன்காரனும் இல்லை, பிரெஞ்சுக்காரனும் இல்லை, ஹெல்வெத்தியர் என்ற கெல்டிக் கூட்டம்தான்; அதனால்தான் முத்திரையிலும் நாணயத்திலும் ஹெல்வெத்தியா என்று போட்டிருக்கிறது என்றார். வாத்தியார் சொன்னது சரித்திரம். சிவநேசனின் காதில் விழுந்தது சட்டம்.

"ஜேர்மன் பேர் வைச்சா, நேற்று வந்தவன் வேஷம் போடுறான் எண்டுவாங்கள். கெல்டிக் பேர் வைச்சா, இவங்களுக்கே முந்தின பேர். அப்பிடிப் பேர் உள்ள பிள்ளையை என்னெண்டு திருப்பி அனுப்புறது அக்கா?" என்றான்.

நான் கமலாவைப் பார்த்தேன். அவள் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். பகிடிதான் விடுகிறான் என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்தேன். அவன் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டேன். அவன் உண்மையாகவே பயந்துபோயிருந்தான். பயந்த மனிதனுக்கு எந்தக் கதவும் கதவுதான்.

மறுநாள் மாலை முழுவதும் பெயர் ஆராய்ச்சி. எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகு ஆறுதலாகப் பெயர் வைக்கலாம். சுவிஸ் ஆஸ்பத்திரியிலோ பெயர் சொல்லாமல் பிள்ளையை வெளியே கொண்டுபோக முடியாதாம். ஆகவே அவசரம். நான் இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்த அபிப்பிராயங்களை அவிழ்த்துவிட்டேன்.

மோராக் வேண்டாம் என்றேன். என்னை மிரட்டிய தலைமை நர்ஸ்மார் எல்லோரும் மோராக். அந்தப் பெயர் வைத்தால் பிள்ளை பிறக்கும்போதே நாற்பது வயதாகப் பிறக்கும், வந்ததும் படுக்கை விரிப்பில் சுருக்கம் தேடும். டியட்ரா என்ற பெயரில் துக்கம் ஒட்டியிருக்கிறது என்று ஐரிஷ்காரரே சொல்வார்கள். சொல்லிவிட்டு அதையே வைப்பார்கள். துக்கத்தில் அவர்களுக்கு அப்படி ஒரு ஈடுபாடு. ரியானன் என்பது வேல்ஸ் பெயர், கூப்பிட அழகு, ஆனால் பின்னால் ஒரு மலையும் விடாத மழையும் வேண்டும். நீவ் என்றொரு பெயர் உண்டு; அதை எழுதும் எழுத்துக்களுக்கும் கூப்பிடும் சத்தத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பியோனா நல்ல பெயர்தான், குதிரை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தும்.

ஷீலாவும் ஐரிஷ் பெயர்தான் என்றதும் சிவநேசன் கையை அசைத்து மறுத்தான். அது எங்கடை பேர், எங்கடை பேர் வைச்சா என்ன பிரயோசனம் என்றான். கொழும்பில் பாதி வீட்டில் ஷீலா இருக்கிறாள் என்பது அவன் வாதம். ஷிவோன் என்ற பெயரில் சிவன் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. அதை விடமாட்டேன் என்றான்.

பிறகு பிரிஜிட். அவளைப்பற்றி எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. முதலில் அவள் கெல்டியரின் தெய்வம். கிறிஸ்தவம் வந்தபின் புனிதராக்கினார்கள். கடைசியில் ஐரிஷ் பெண்கள் பிழைக்கப்போன பட்டணமெல்லாம் வீட்டு வேலைக்காரி என்றாலே பிரிஜிட் என்றாகிவிட்டது. தெய்வமாகத் தொடங்கித் தும்புத்தடியோடு முடிந்த பெயர். இதைச் சொன்னபோது, அந்த வீட்டில் நிலம் துடைத்துச் சம்பளம் வாங்குபவள் ஒருத்தி இருக்கிறாள் என்று உறைத்து நாக்கைக் கடித்தேன். கமலா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

கடைசியில் மூன்று பெயர் தேறின: பியோனா, ஷிவோன், பிரிஜிட். மூன்றில் ஒன்றை யார் எடுப்பது? சிவநேசனிடம் விடை தயாராக இருந்தது. பேர்ணுக்குப் பக்கத்தில், ஆறு வளைந்து ஓடும் காட்டில், கெல்டியர் கட்டிய மதில் இன்னும் இருக்கிறது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அங்கே போய்ப் பூக்கட்டிப் பார்ப்போம் என்றான். கோயிலில் சாமி முன்னால் பூவை இலையில் சுற்றி வைத்து, விஷயம் தெரியாத ஒருவரைக் கொண்டு எடுப்பித்து முடிவு கேட்பது எங்கள் வழக்கம். ஹெல்வெத்தியரிடம் அப்படி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாத்தியார் கமலாவுக்கென்று பாண் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். பெண்பிள்ளையின் தலைப்பின்னல் மாதிரிப் பின்னிச் சுட்டிருந்தார்கள், வெண்ணெய் மணத்தது. கமலா வீட்டில் படுத்துக்கொள்ள, நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். சிவநேசன் கலியாணக் கோட்டு அணிந்திருந்தான்.

காட்டுக்குள் நடந்து நடந்து ஒரு மண்மேட்டின் முன்னால் வாத்தியார் நின்றார். தொப்பியைக் கழற்றினார். இதுதான் மதில் என்றார். நான் அதற்குப் பின்னால் பார்த்தேன். பின்னாலும் மண்தான் இருந்தது. மேலே பீச் மரங்கள் முளைத்து நின்றன. எங்கள் ஊரில் கிணறு வெட்டினால் இதைவிட உயரமாக மண் குவியும் என்று சிவநேசனிடம் தமிழில் சொன்னேன். அவன் அதற்குள் சப்பாத்தைக் கழற்றியிருந்தான்.

வாத்தியார் என்னிடம் ஆங்கிலத்தில் இன்னொரு தகவலும் சொன்னார். உண்மையான பேர்ண் கெல்டிக் பெண் பெயர் வேண்டுமென்றால் ஆர்ட்டியோ என்று வைக்கலாமாம். அது இந்த ஊர் மண்ணிலேயே கிடைத்த ஒரு தெய்வத்தின் பெயர். என்ன தெய்வம் என்று கேட்டேன். கரடிகளின் தெய்வம் என்றார். இதை நான் சிவநேசனுக்கு மொழிபெயர்க்கவில்லை. சொல்லியிருந்தால் வைத்திருப்பான்.

மஞ்சள் பூ ஷிவோன், வெள்ளை பியோனா, சிவப்பு பிரிஜிட். மூன்றையும் இலையில் சுற்றி மண்மேட்டில் வைத்து, கோட்டுப் பையிலிருந்து கற்பூரம் எடுத்துக் கொளுத்தினான். எரியத் தொடங்கிய உடனே ஒரு பெண் நாயோடு வந்து சேர்ந்தாள். காட்டில் நெருப்பு மூட்டக்கூடாது, நெருப்புக்கென்று தனி இடம் கட்டி விட்டிருக்கிறதே, கண் தெரியவில்லையா என்று கேட்டாள். வாத்தியார் முழுவதையும் மொழிபெயர்த்துச் சொன்னார். சிவநேசன் வெறுங்காலால் கற்பூரத்தை மிதித்து அணைத்தான். பொலிஸுக்குச் சொல்லிவிடுவாளோ என்று அவன் உதடு வெளுத்துவிட்டது.

ஆகவே கெல்டியரிடம் கேட்கவேண்டியதைத் தனி இடத்தில் வைத்துக் கேட்டோம். அங்கே ஒரு குடும்பம் கம்பியில் சொசேஜ் வாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அருகே எங்கள் கற்பூரம் எரிந்தது. நாயோடு வந்தவள் சட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கக் கூடவே வந்திருந்தாள். விஷயம் தெரியாத ஆள் வேண்டுமே. வாத்தியார் அவளிடமே ஒரு பொட்டலம் எடுக்கச் சொன்னார். பிள்ளைக்குப் பெயர் என்று கேட்டதும் அவள் முகம் இளகிவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள். சிவப்பு.

வீட்டுக்கு வந்ததும் சிவநேசன் கமலாவிடம் பிரிஜிட் என்று அறிவித்தான். இந்த நாட்டுப் பெண்ணே எடுத்துத் தந்த பெயர், இனிக் கேஸ் வெற்றிதான் என்றான். கமலா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலி தொடங்கியிருந்தது.

தலைப்பிள்ளை, அவசரம் இல்லை என்று என் அனுபவம் சொன்னது. அம்புலன்ஸ் கூப்பிட்டால் வீட்டுக்காரனுக்குத் தொந்தரவு என்று சிவநேசனின் பயம் சொன்னது. பஸ்ஸில் போவதென்று முடிவாயிற்று. தரிப்பில் பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, கமலாவைத் தாங்கிக்கொண்டு நான் ஏறினேன். சிவநேசனைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால் டிக்கெட் மெஷினுக்கு முன்னால் நிற்கிறான். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கேஸ் பழுதாகும் அல்லவா? வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுக்கவேண்டுமா என்று அங்கிருந்தே கேட்டான். அரைவாசி வெளியே வந்தால் அரை டிக்கெட் எடுக்கலாம், ஏறு என்று கத்தினேன். சாரதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கதவைத் திறந்தே வைத்திருந்தார். சுவிஸில் பஸ் ஒன்று தாமதமாகப் புறப்பட்டதை நான் பார்த்தது அப்போதுதான்.

பிள்ளை மறுநாள் காலையில் பிறந்தாள். வாழ்நாள் முழுவதும் பிரசவ அறைக்கு உள்ளே நின்ற நான் முதன்முறையாக வெளியே வாங்கில் இருந்தேன். வெளியே இருப்பவர்களுக்கு நேரம் போகாது என்பது அன்றுதான் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டபோது கமலா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள், பிள்ளை அவள் நெஞ்சில் கிடந்தது. நர்ஸ் பேனையோடு வந்து, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டாள்.

சிவநேசன் கலியாணக் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, பிரிஜிட் என்றான்.

நர்ஸ் சந்தோஷமாகச் சிரித்தாள். தன் பெயரும் பிரிகிட்டாதான் என்று சட்டையில் குத்தியிருந்ததைக் காட்டினாள். தன் வகுப்பில் மூன்று பேர் இருந்தார்களாம், இந்த விடுதியிலேயே இன்னும் இருவர் இருக்கிறார்களாம். இப்போது யாரும் வைப்பதில்லை, இது அம்மாமார் பெயர் என்றாள்.

சிவநேசன் என்னைப் பார்த்தான். ஹெல்வெத்தியர் இப்படிக் கைவிடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஷிவோன் இருக்கிறது என்று நான் மெதுவாகத் தொடங்கினேன். அப்போதுதான் கமலா வாய் திறந்தாள்.

"மச்சாள், இவர் இஞ்சத்தைப் பொலிசுக்கு ஏத்த பேர் தேடுறார். நாளைக்குத் திருப்பி அனுப்பினாங்களெண்டா, அங்கை சென்றியிலை நிக்கிற ஆமிக்காரனுக்கு ஏத்த பேர் தேடுவார். பிள்ளைக்கு எப்ப பேர் வைக்கிறது?"

அவள் நர்ஸின் பக்கம் திரும்பி, "மங்கையர்க்கரசி" என்றாள்.

நான் திடுக்கிட்டுப் போனேன். அப்போது ஊரிலேயே அந்தப் பெயர் வைப்பார் இல்லை. எல்லோரும் தர்ஷிகா, நிரோஜினி என்று புதிது புதிதாக உருட்டிக்கொண்டிருந்த காலம். நர்ஸ் பேனையை நிறுத்திவிட்டு, இது ஆண் பெயரா பெண் பெயரா, பதிகிறவர்கள் கேட்பார்கள் என்றாள். பெண்களுக்கெல்லாம் அரசி என்று அர்த்தம், இதைவிடப் பெண் பெயர் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். ஏன் இவ்வளவு நீளம் என்று கமலாவிடம் தமிழில் கேட்டேன்.

"அவசரத்திலை கூப்பிடேலாது மச்சாள். நிண்டு, ஆளைப் பாத்துத்தான் கூப்பிடோணும்" என்றாள்.

எனக்கு அப்போது கிளாஸ்கோவில் ஒரு மலைநாட்டுத் தாய் ஞாபகம் வந்தாள். அவள் சொன்ன பெயரை மூன்றுமுறை பிழையாக எழுதினேன். நான்காவது முறையும் அவள் முகம் சுளிக்காமல், நான் சரியாக எழுதும்வரை கட்டிலில் காத்திருந்தாள். கெல்டிக் பெயர்களைப்பற்றி நான் சிவநேசனுக்குச் சொல்லியிருக்கவேண்டிய அபிப்பிராயம் அது ஒன்றுதான். மிச்சமெல்லாம் அரட்டை.

சிவநேசன் மறுத்துப் பேசவில்லை. பெற்றவளோடு அந்த நேரத்தில் சண்டை பிடிக்கக்கூடாது என்று நினைத்தானோ தெரியாது. வெளியே வந்து, இனி எங்களை அனுப்பிப்போடுவாங்கள் அக்கா என்று மட்டும் சொன்னான். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது.

அடுத்தநாள் நான் புறப்படவேண்டும். போகுமுன் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். கமலா நித்திரை. பிள்ளைகளைக் கண்ணாடி அறை ஒன்றில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். வேறொரு நர்ஸ் கதவைக் கொஞ்சம் திறந்து, எந்தப் பிள்ளை என்று கேட்டாள். சிவநேசன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தேன்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மங்கையர்க்கரசி என்றான். அந்தப் பெயரை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

நர்ஸ் சிரித்தாள். அன்பான சிரிப்புத்தான். ஓ, அந்தக் குட்டியா, அது எங்கள் வாயில் நுழையாது, நாங்கள் இங்கே மண்டி என்றுதான் கூப்பிடுகிறோம், சரிதானே என்றாள்.

சிவநேசன் வேலை செய்த உணவகத்தில் முதல் நாளே சமையல்காரன் அவனுக்கு டோனி என்று பெயர் வைத்துவிட்டான். சரி என்றான். வயோதிபர் விடுதியில் கமலாவை ஆனி என்றார்கள். அவளையும் சரி என்று சொல்லச் சொன்னான். வீட்டுக்காரனுக்குச் சரி, பொலிஸுக்குச் சரி, நாயோடு வந்தவளுக்கும் சரி. அந்த நாட்டில் அவன் யாருக்கும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"நைன்" என்றான்.

ஜேர்மனில் இல்லை என்பதை மிக மெதுவாகத்தான் சொன்னான். நர்ஸுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, இன்னொருமுறை சொன்னான். பிறகு, மங்கை, யர்க், கரசி என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தான். அவள் தடக்கினாள். திருப்பிச் சொல்லும்படி கேட்டான், தயவுசெய்து என்பதற்குப் பிட்டே என்றும் சேர்த்துக்கொண்டான். அவள் முழுப்பெயரையும் சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக் காட்டும்வரை அவன் கதவடியைவிட்டு அசையவில்லை.